குடத்தில் போடாத பெயர்

அடியில் விரிசல் விட்ட பச்சை பிளாஸ்டிக் குடம் அது. தண்ணீர் பிடித்தால் வீடு வந்து சேர்வதற்குள் புடவையை நனைத்துவிடும் என்பதால் அம்மா அதைக் கொல்லையில் கவிழ்த்துப் போட்டிருந்தாள். வருடத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நான் அதைக் கழுவித் துடைத்து இடுப்பில் வைத்துக்கொண்டு சத்துணவுக் கூடத்துக்குப் போவேன். எதிரே வருகிறவர்கள், “இன்னாமா, ஓட்டக் கொடத்த எடுத்துக்கினு தண்ணிக்கிப் போற?” என்று சிரிப்பார்கள். உள்ளே இருப்பது பதினாலு துண்டுச் சீட்டுகள். ஒரே அளவாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயரை எழுதி, ஒரே மாதிரி நாலாக மடித்தவை. பிள்ளைகளை எழுதவிட்டால் ஒன்று பந்தாக உருட்டும், ஒன்று பெரிசாக மடிக்கும், எடுக்கிற கைக்கு அடையாளம் தெரிந்துவிடும் என்று பயந்து நானே வீட்டில் எழுதிக்கொண்டு போவேன். அந்தப் பயம்தான் பிறகு எனக்கு வேறொரு வசதியைச் செய்து கொடுத்தது.

எங்கள் ஊர் பெருநகரிலிருந்து உத்திரமேரூர் போகிற வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. ஊர் ஒரு பக்கம், எங்கள் காலனி ஒரு பக்கம், ஏரிக்கரைமேல் எட்டு இருளர் வீடுகள். இந்த மூன்று இடத்துப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்காரும் இடம், பள்ளிக்கூடத்தை விட்டால், எங்கள் இளையோர் மன்றம்தான். ஒரு தொண்டு நிறுவனம் அதைத் தொடங்கியது. பந்து, கேரம் பலகை, சுவரில் ஒட்டும் படங்கள் எல்லாம் கொடுத்தார்கள். மூன்று வருடம் கழித்துத் திட்டம் முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். படங்கள் கிழிந்தன, ஸ்டிரைக்கர் தொலைந்தது. அவர்களோடு தொண்டராக வந்த கண்டக்டர் அண்ணன் மட்டும் போகவில்லை.

அவர் டவுன் பஸ் கண்டக்டர். வீடு மாகறலில். வார விடுப்பை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொள்ள யார் யாரிடமோ கெஞ்சி, அந்த ஒரு நாளையும் வீட்டில் இருக்காமல் எங்கள் ஊருக்கு வந்துவிடுவார். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தால் அவர் வட்டத்துக்கு வெளியே, பின்னால், சுவரில் சாய்ந்துதான் உட்காருவார். முன்னால் வந்து உட்காருங்கள் என்று ஒருமுறை நாற்காலி போட்டேன். “முன்னாடி ஒக்கார்றவன் டிரைவரு தங்கச்சி. நான் பின்படி ஆளு. எல்லாம் ஏறியாச்சான்னு பாக்கறது தான் நம்ப வேல,” என்றார். நாற்காலியில் பிள்ளைகளின் பைகளை வைத்தார்.

என்னை அவர் பிடித்ததும் பஸ்ஸில்தான். நான் அப்போது காஞ்சிபுரத்தில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் நிறுத்தத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஏறும்போது, யாருடைய பை வெளியே தொங்குகிறது, யார் படியில் நிற்கிறார்கள் என்று எண்ணி எண்ணி, உள்ளே தள்ளிக்கொண்டு, அவர்கள் இறங்கும்வரை எனக்கு மூச்சு சீராக வராது. எனக்கு எல்லாவற்றுக்கும் அப்படித்தான். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், அடுப்பை அணைத்தேனா என்று திரும்பி வருவேன். பார்த்துவிட்டுப் போய், பூட்டினேனா என்று மறுபடி வருவேன். இரண்டு மாதம் என்னைக் கவனித்த கண்டக்டர் அண்ணன், மன்றத்துக்கு உள்ளூர்ப் பொறுப்பாளராக வருகிறாயா என்று கேட்டார். “நான் ஒம்போதாவது கூட முடிக்கல ணா,” என்றேன். “சர்ட்டிபிகேட்டா கேட்டேன்? ஞாயித்துக்கெயம நாலு மணிக்கி வர முடியுமான்னு தான கேட்டேன்,” என்று சொல்லிவிட்டு, “ரைட்!” என்று விசில் அடித்தார். பஸ் கிளம்பிவிட்டது. நான் சரி என்று சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை.

மன்றத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கிராம சபை கூடும்போது, ஓட்டு இல்லாத பிள்ளைகளுக்கும் ஐந்து நிமிடம் பேசத் தர வேண்டும் என்று அண்ணன் ஊராட்சியில் மன்றாடி வாங்கியிருந்தார். யார் பேசுவது என்பதைச் சீட்டுப் போட்டுத்தான் எடுப்போம். யார் பெயர் வருகிறதோ அவர் தன் தெருவின் குறையைச் சொல்லலாம். என்ன குறை என்பது அவர் விருப்பம். நன்றாகப் பேசுகிறவர், நல்ல உடுப்பு உள்ளவர், ஊர்ப்பிள்ளை, காலனிப்பிள்ளை என்கிற கணக்கே கிடையாது. சீட்டை எடுப்பது கூட்டத்திலேயே சின்னவள், ஆறாவது படிக்கிற ஒரு பெண். சீட்டுப் போட்டு ஆள் எடுத்தவர்கள் என்று எங்கள் உத்திரமேரூருக்கு ஏற்கெனவே பெயர் உண்டே, அதனால் இது யாருக்கும் புதுமையாகப் படவில்லை.

ஏரிக்கரையிலிருந்து மூன்று பேர் வந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். மிஞ்சியது ஒரு பெண், ஒன்பதாவது படிப்பவள். பிள்ளைகள் அவளை ‘ரேடியோ’ என்று கூப்பிடுவார்கள். வாயை மூடவே மாட்டாள். மனதில் பட்டதை அந்த இடத்திலேயே, எதிரில் இருப்பது யாராக இருந்தாலும், சொல்லிவிடுவாள். அதுதான் எனக்குப் பயம். அவள் பெயர் வந்தால் என்ன பேசுவாள் என்று எனக்குத் தெரியும். ஏரிக்கரைக்குப் போகிற பாதையை ஒரு பெரிய விவசாயி தன் நிலத்தோடு சேர்த்து முள்வேலி போட்டுவிட்டார். மழைக்காலத்தில் அந்த எட்டு வீட்டுக்காரர்களும் வாய்க்கால் சேற்றில் இறங்கித்தான் ஊருக்கு வர வேண்டும். அந்த விவசாயி ஊராட்சித் தலைவருக்குச் சொந்தக்காரர். ரேடியோவின் அப்பா கூலி வேலை செய்வதோ அதே விவசாயியின் நிலத்தில்.

கிராம சபையில் எல்லாரும் சிரிப்பார்கள், அவமானத்தில் இவளும் மன்றத்தை விட்டு நின்றுவிடுவாள், அப்பாவுக்கு வேலை போகும், வீட்டில் உலை ஏறாது, எல்லாம் என்னால்தான் என்று ஆகும். படுத்தால் இதே படம்தான் ஓடியது. ஜனவரிக் கூட்டத்துக்குச் சீட்டு எழுதும்போது அவள் பெயரை எழுதினேன், மடித்தேன், பிறகு அதை என் ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டேன். பதிமூன்று சீட்டுகளை மட்டும் குடத்தில் போட்டேன். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன் என்று இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. மே மாதமும் அப்படியே செய்தேன். இரண்டு முறையும் அவள் குடத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு, “தோ, என்னுது தான் வரப்போவுது பாரு,” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்டுக் கூட்டத்துக்கு முந்தின மாதம் கண்டக்டர் அண்ணன் பிள்ளைகளை உத்திரமேரூர்க் கோயில் மண்டபத்துக்குக் கூட்டிப்போனார். தினம் பஸ்ஸில் அதைக் கடந்து போகிற பிள்ளைகள்தான், உள்ளே நுழைந்து, குடவோலைத் தேர்தல் விதிகளைச் செதுக்கிய சுவர் எழுத்தைத் தொட்டுப் பார்த்தது அன்றைக்குத்தான். குடத்தை எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்ட வேண்டும், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாத பிள்ளைதான் ஓலையை எடுக்க வேண்டும் என்றெல்லாம் அவர் சொல்லிக்கொண்டே வந்து கடைசியில், “அந்தக் காலத்துலயே நம்ப ஊர்ல சீட்டுல கை வெக்கிறவன் இருந்துகீறான். இல்லன்னா எதுக்கு இத்தினி ரூலு?” என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். நான் தூணோடு தூணாக நின்றேன்.

அடுத்த ஞாயிறு சின்னவள் குடத்துக்குள் கையை விடப் போனாள்.

“இருடி,” என்றாள் ரேடியோ. “அக்கா, கொடத்தத் தூக்கிக் காட்டணும்னு கல்லுல எய்திக்கீதே, நம்ப ஏன்கா காட்டறதில்ல?”

“ஆமாக்கா, காட்டு, காட்டு!” என்று மற்றதுகளும் கூவின. விளையாட்டுத்தான். ரேடியோ குடத்தைத் தூக்கிக் காட்டி, அது போதாதென்று பாயில் கவிழ்த்து எண்ணத் தொடங்கினாள். “இன்னாக்கா, பதிமூணு தான் கீது?”

“ஒயுங்கா எண்ணுடி,” என்றேன்.

அவள் எண்ணவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பெயரைப் படித்தாள். பதிமூன்று பெயரும் முடிந்தன. “ரேடியோவுக்கு கரண்ட் கட்டுடோய்!” என்று ஒருவன் கத்தினான். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவனும் அடங்கிப்போனான்.

“மறந்துட்டேன்மா.”

“போன தபாவுமா?”

என் கை தானாக ஜாக்கெட்டுப் பக்கம் போனது. அதுவே பதிலாகிவிட்டது. அவள் பதிமூன்று சீட்டுகளையும் இருந்த மாதிரியே மடித்து, குடத்தில் போட்டு, சின்னவளின் பக்கம் தள்ளிவிட்டு, செருப்பைக்கூடப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் கண்டக்டர் அண்ணனைப் பார்த்தேன். ‘அக்கா தெரியாம பண்ணிட்டாங்க, வுடுங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லி என்னைக் காப்பாற்றுவார் என்று நினைத்தேன். அவர் சொல்லவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. “இன்னிக்கி சீட்டு வேணாம், போயி ஆடுங்க,” என்று பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, என்னோடு பாயின் மறுமுனையைப் பிடித்து மடித்தார். பாய் மடிப்பதற்குள் நான் வேலி, வேலை, உலை என்று எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டிவிட்டேன்.

“நீ சொல்றது நெசம் தான்,” என்றார் அவர். “அந்த ஆளு வேலய வுட்டு நிறுத்தினாலும் நிறுத்துவான்.” அப்படியெல்லாம் ஆகாது என்பார் என்றல்லவா எதிர்பார்த்தேன். “ரோடு மோசம்னு நம்ப சொல்லலாம் தங்கச்சி. சொல்லித் தான் ஆவணும். ஆனா நீ ஏறாதன்னு சொல்லக் கூடாது. அதும், அதுக்கே தெரியாம கதவ சாத்திக்கினு போறது…” பாதியில் நிறுத்திக்கொண்டார். மீதியை அவர் என்றைக்குமே சொல்லவில்லை.

இரண்டு ஞாயிறு ரேடியோ வரவில்லை. மன்றம் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தது. “நீ போயி கூட்டிக்கினு வா ணா, நீ சொன்னா கேப்பா,” என்று அவரைக் கெஞ்சினேன். “நான் கூப்ட்டா வருவா. வந்து ஒன் மூஞ்ச எப்படிப் பாப்பா?” என்றார். ஆனால் மூன்றாம் ஞாயிறு என்னைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை அடிவாரத்தில் நிறுத்தினார். “நீ போ. வண்டி ஸ்டாண்டு சரியில்ல, நான் புடிச்சிக்கினு நிக்கிறேன்.” ஸ்டாண்டு நன்றாகத்தான் இருந்தது.

ரேடியோவின் அம்மா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். பெண் உள்ளே இருந்தாள், வெளியே வரவில்லை. நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா வெட்டுக்கத்தியைக் கீழே வைத்தார்.

“எங்க ஊட்டுக்காரருக்கு வேல போயிடும்னு நீ பயந்துக்கினியா?”

“ஆமாம்மா.”

“அது எங்களுக்குத் தெரியாதா? தெனைக்கும் அந்த வேலி ஓரமா தான நடக்கறோம். எங்களாண்ட ஒரு வார்த்த கேட்டியா?”

“கேக்கல.”

“எங்க பயமே எங்களுக்குத் தலைக்கி மேல கீது. அதும் மேல ஒன் பயத்த வேற ஏத்தி வெக்கிறியேம்மா.” கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்போது கதவுக்குப் பின்னாலிருந்து ரேடியோ ஒலித்தது.

“மொதல்ல அவங்க பேர அவங்க கொடத்துல போடட்டும். அப்பால நான் வரேன்.”

கரையிலிருந்து இறங்கி வந்து இதைச் சொன்னதும் கண்டக்டர் அண்ணன் இருமல் வரும்வரை சிரித்தார். “ஒனக்குன்னே ஒரு செக்கிங் இன்ஸ்பெக்டர் கெடச்சிக்கீறா.” எனக்குச் சிரிப்பு வரவில்லை. மைக்கைத் தூரத்தில் பார்த்தாலே பின்வரிசைக்குப் போய்விடுகிற ஆள் நான். பிள்ளைகளைப் பேசு பேசு என்று முதுகைப் பிடித்துத் தள்ளியிருக்கிறேனே தவிர, நாலு பேர் நடுவில் என் பெயரைக்கூட நான் உரக்கச் சொன்னதில்லை. எழுந்து நிற்பது என்றால் எப்படி இருக்கும் என்று அவள்தான் என்னை முதன்முதலாக நினைத்துப் பார்க்க வைத்தாள்.

அந்த ஞாயிறிலிருந்து, என்னுடையதையும் சேர்த்து, குடத்தில் பதினைந்து சீட்டு. அவரவர் பெயரை அவரவரே எழுதினார்கள். மடிப்பு கோணல்மாணலாக இருந்தால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆகஸ்டில் ரேடியோ பெயர் வரவில்லை. ஊர்த்தெருப் பையன் ஒருவன் பெயர் வந்தது. எனக்கு உயிர் திரும்பி வந்தது. அவளோ தன் சீட்டு உள்ளே இருக்கிறதா என்று மட்டும் தேடிப் பார்த்துவிட்டு, “கீது, கீது,” என்று திருப்தியாக உட்கார்ந்துகொண்டாள். வராததற்கு வருத்தமே படவில்லை. அதைப் பார்த்தபோதுதான் நான் செய்தது என்ன என்பது எனக்கு முழுதாகப் புரிந்தது.

அக்டோபரில் அவள் பெயர் வந்தது. இந்த முறை நான் போய்க் கேட்டேன். அவள் அப்பா அம்மா இருவரையும் உட்கார வைத்து, வேலியைப் பற்றிப் பேசினால் என்னவெல்லாம் ஆகலாம் என்று ஒன்று விடாமல் சொன்னேன். பயப்படுவதில் எனக்கு இருக்கிற அனுபவம் அன்றைக்காவது உபயோகப்பட்டது. “நான் சொல்ல முடியாதும்மா,” என்றார் அப்பா. “அவ சொல்லட்டும்.”

பிறகு என்ன ஆயிற்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கெட்டதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு நிம்மதியாக எதையும் சொல்ல எனக்கு வராது. நான் பயந்தது நடந்தது. அந்த விவசாயி ரேடியோவின் அப்பாவை அந்தப் பட்டத்து நடவு, அறுப்பு எதற்கும் வேலைக்குக் கூப்பிடவில்லை. பொங்கல்வரை அவர் வெளியூருக்கு மரம் வெட்டப் போனார். சில மாதம் கழித்து சர்வேயர் வந்து அளந்தார். ஒரு பக்கத்து வேலி நகர்ந்தது, மறுபக்கத்து வேலி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இப்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகலாம்; டிராக்டர் போகாது. மன்னிப்புக் கேட்கப் போனபோது அந்த அம்மா, “கேட்டுட்டு தானம்மா செஞ்ச? அப்பறம் இன்னா?” என்று சொல்லிவிட்டார். நல்லதை இனிமேல்தான் சொல்லப் போகிறேன்.

கிராம சபை பள்ளிக்கூட வளாகத்தில் நடந்தது. கண்டக்டர் அண்ணன் வேறு ஊர்க்காரர் என்பதால் உள்ளே உட்கார மாட்டார். வெளியே புங்கமரத்தடியில் நின்றார். உள்ளே பெரியவர்களில் பிள்ளைகளுக்கென்று இருந்தது நான் ஒருத்திதான். ரேடியோ எழுந்து மைக்கைப் பிடித்தாள். “ஏரிக்கரைக்கு பாத இல்லன்னு எல்லாரும் மனு எய்தறீங்க. பாத இல்லாம இல்ல. பாத கீது. வேலிக்குள்ள கீது,” என்றாள்.

பின்வரிசையில் ஒரு சிரிப்பு, அதன்மேல் இன்னொரு சிரிப்பு. “ஓட்டே இல்ல, அதுக்குள்ள பட்டா பாக்குது பாருடா கொயந்த!” என்றது ஒரு குரல். தலைவர் கையைக் காட்டி, “சரிம்மா, சரி, எய்திக்கினோம். ஒக்காரு,” என்றார். ஒருவர் வந்து மைக்கை வாங்கக் கையை நீட்டினார். ரேடியோ மைக்கைக் கொடுக்கவில்லை. ஆனால் பேசவும் இல்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த வாய் ஓய்ந்து நான் பார்த்தது அது ஒரு தடவைதான்.

அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போய்விடலாம் என்றுதான் எழுந்தேன். சத்தியமாக அதற்குத்தான் எழுந்தேன். எழுந்த பிறகு அவள் கண்ணைப் பார்த்தால், அவள் கூட்டிப்போகச் சொல்லவில்லை என்று தெரிந்தது. எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அவ இன்னும் முடிக்கல,” என்றேன்.

வேறு ஒன்றும் சொல்ல எனக்குத் தெரியவில்லை. உட்காரவும் தெரியவில்லை. நின்றுகொண்டே இருந்தேன். நான் நிற்பதைப் பார்த்து எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். பிறகு ஏரிக்கரைப் பெண்கள் இரண்டு பேர் எழுந்தார்கள். மைக்குக்கு நீண்ட கை பின்வாங்கியது. ரேடியோ முடித்தாள். மழையில் எந்த இடத்தில் எவ்வளவு சேறு, போன வருடம் பிரசவ வலி கண்ட சித்தியை எந்த வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள், வேலியின் எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல்வரை பாதை என்று ஐந்து நிமிடத்துக்கு மேலேயே பேசினாள். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து காதில், “இன்னாக்கா, பேர் வராமலே பேசிட்ட?” என்றாள்.

வெளியே வந்தபோது கண்டக்டர் அண்ணன் ஒன்றும் கேட்கவில்லை. ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்டிருக்கும். எல்லாருக்கும் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டு, தன் பஸ்ஸின் பின்டயர் வழுக்கையாகிவிட்ட கதையையே வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். அந்தப் பேச்சுக்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியுமோ என்னவோ. அன்றைக்கு அவர் என்னைப் பாராட்டியிருந்தால் நான் உடைந்து அழுதிருப்பேன்.

ரேடியோ கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். அங்கே அவள் கிராம சபைக்கு வந்தால் தலைவர் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துக்கொள்கிறாராம். கண்டக்டர் அண்ணன் ஓய்வு பெற்று ஓரிக்கையில் மகன் வீட்டில் இருக்கிறார். மன்றம் இப்போது என் பொறுப்பில்தான் நடக்கிறது. நான் மாறிவிட்டேன் என்று சொன்னால் பொய். நேற்றுகூட அவருக்குப் போன் செய்தேன். இந்தத் திங்கட்கிழமை பிள்ளைகள் தாங்களாகவே காஞ்சிபுரம் போய்க் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்கப் போகிறோம், நீங்கள் வர வேண்டாம் அக்கா என்கிறார்கள். ரோடு, லாரி, கூட்டம், போலீஸ் என்று நான் கால் மணி நேரம் அடுக்கினேன். அவர் முழுக்கக் கேட்டார். எப்போதும் முழுக்கக் கேட்பார்.

“இத்தினியும் அதுங்களாண்ட சொன்னியா?”

“இன்னும் இல்ல ணா.”

“சொல்லு. சொல்லிட்டு, அதுங்க இன்னா சொல்லுதுங்கன்னு கேளு. கேட்டுட்டு போன் பண்ணு,” என்று வைத்துவிட்டார்.

இன்று ஞாயிறு. மணி மூன்றே முக்கால். போய்க் கேட்க வேண்டும்.